ஆளிருப்புக் கணக்கு

பலர் கூடிச் செய்யும் பெருவேலைகளை நடத்துவோர் இக்காலத்தில் கணினியின் துணையின்றி ஓரடியும் எடுத்து வைப்பதில்லை. பாலம் கட்டுவோரும், மின்னுற்பத்தி நிலையத்தைப் பழுதுபார்ப்போரும், வங்கிகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்போரும், இன்ன வேலை இன்னாரால் இன்ன நாளில் தொடங்கப்பெற்று இன்ன நாளில் முடிவுறல் வேண்டும் என்பதனை முன்னரே வகுத்து, புராஜெக்ட் மென்பொருள் என்று வழங்கும் ஒரு கருவியினுள் பதிந்து வைக்கின்றனர். அக்கருவியினுள் பல பக்கங்கள் உள. அவற்றுள் ஒன்று, ஆட்களின் வேலைச் சுமையையும், மேலும் வேலை ஏற்க அவர்பால் எஞ்சியுள்ள நேரத்தையும் காட்டுவது. இடப்புறத்தே பணியாளர் பெயர்கள் ஒன்றன்கீழொன்றாக நிற்கும். மேற்புறத்தே நாட்கள் வரிசையாக ஓடும். ஒவ்வொருவர்க்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். அவர் செய்யவேண்டிய மணிகள் கட்டத்தினுள் எழுதப்பட்டிருக்கும். அளவு மிஞ்சினாற் கட்டம் சிவக்கும். வேலை இல்லையேல் வெளுத்திருக்கும். நம் கல்லூரியினின்று வெளியேறும் மாணாக்கருள் பலர் இன்னுஞ் சில ஆண்டுகளில் இப்பக்கத்தின் முன்னே அமர்ந்து பிறர்தம் நாட்களைப் பங்கிடுவர். அல்லது இப்பக்கத்தினுள்ளே தாமே ஒரு வரியாகக் கிடப்பர். பெரும்பாலோர்க்கு இரண்டும் ஒருங்கே வாய்க்கும். ஆதலின் அதனைப் பற்றிய என் அபிப்பிராயத்தை ஈண்டுக் கூறுதல் பொருந்தும் என்று எண்ணுகிறேன்.

கருவியை இகழ்வது என் நோக்கமன்று. இஃது இல்லாத காலத்தில் வேலைப் பங்கீடு மேஸ்திரியின் ஞாபகத்திலும் மேலதிகாரியின் விருப்பு வெறுப்பிலும் கிடந்தது. மறுத்துப் பேச அறியாதவன் தலையில் வேலை குவியும். முகமறிந்து பேசுவோன் நிழலில் நிற்பான். எவன் எவ்வளவு சுமக்கின்றான் என்பது எவர்க்கும் தெரியாது. தெரிந்தாலும் எடுத்துக்காட்டச் சான்று கிடையாது. சுமையைக் கட்டங்களில் எழுதிப் பலர் கண்முன் வைத்தபொழுது அவ்வநீதி ஓரளவு வெளிப்பட்டது. ஒருவர் பெயருக்கு எதிரே மூன்று வாரம் சிவந்தே கிடக்குமாயின், "உமக்குச் சாமர்த்தியம் போதாது" என்று அவரைக் கடிந்துகொள்வது எளிதன்று.

எனினும் இக்கணக்கில் ஒரு குறை உண்டு. ஓர் ஆளிடமிருந்து இன்று எவ்வளவு வேலை எடுக்கலாம் என்பதனை இது காட்டுகின்றது. அவ்வாள் நாளையும் அதே ஆளாக வந்து நிற்பதற்கு அவனிடத்தே எவ்வளவு விட்டுவைத்தல் வேண்டும் என்பதனைக் காட்டவில்லை. குறை யந்திரத்தினுடையதன்று. அதனை நிரப்புவோர் அந்த இரண்டாம் எண்ணைக் கேட்பதுமில்லை, எழுதுவதுமில்லை.

இக்குறை பிறப்பிலேயே வந்தது என்று சொல்லலாம். 1896-ஆம் ஆண்டில் போலந்து தேசத்துப் பொறியியலாளர் கரோல் அதாமியெட்ஸ்கி என்பார் ஆலை வேலைகளின் வரிசையைப் படமாக வகுத்தார். அமெரிக்கராகிய ஹென்றி காண்ட் 1910-ஐ அடுத்த ஆண்டுகளில் வரைந்த கோட்டுப்படமே உலகெங்கும் பரவிற்று. முதல் உலகப் போர்க்காலத்தில் அந்நாட்டுக் கப்பல் கட்டும் வேலைகளிலும் அது பயன்பட்டது. 1957-இல் டியூபாண்ட் கம்பெனியாரும், 1958-இல் போலாரிஸ் ஏவுகணைக்காக அமெரிக்கக் கடற்படையாரும், எந்த வேலை தாமதித்தால் முழுத்திட்டமும் தாமதிக்கும் என்று காணும் வழிகளைக் கண்டனர். அவ்வழிகளின் முதல் வடிவத்தில் ஆட்கள் வேண்டிய அளவு கிடைப்பர் என்பது சொல்லாமலே கொள்ளப்பட்ட கொள்கை. வேலைகளின் முன்பின் முறை மட்டுமே அங்கே வரம்பு, மனிதர் வரம்பல்லர். ஆள்வரம்பையும் சேர்த்துக் கணக்கிடும் வழி பின்னரே வந்து ஒட்டிக்கொண்டது. 1983-இல் பிரிமவேராவும், 1984-இல் மைக்ரோசாப்ட் புராஜெக்டும் கணினிக்கு வந்தன. சென்னையில் வேரூன்றி வளர்ந்த ஜோஹோ ஸ்தாபனத்தாரும் 2006 முதல் இத்தகைய மென்பொருளொன்றை வழங்கி வருகின்றனர். இவை யாவற்றிலும் ஆளிருப்புப் பக்கம் உண்டு. எனினும் வேலைக்குத் தேதியை முதலிற் குறித்துவிட்டு ஆளைப் பின்னர்த் தேடும் பழக்கம் மாத்திரம் அந்த முதற்கொள்கையினின்று இன்னும் விடுபடவில்லை.

இருப்பு என்னுஞ் சொல் எவ்வளவு ஏமாற்றவல்லது என்பதனை மீஞ்சூரில் வாழ்வோர் நிலத்தடி நீரின் வழியே நன்கறிவர். 1960-களில் ஐக்கிய நாடுகள் சபையின் உதவியோடு ஆரணியாறு, கொசஸ்தலையாறு ஆகியவற்றின் படுகையில் நிலத்தடி நீர் ஆராயப்பட்டது. ஆராய்ச்சியின் பயனாகத் தாமரைப்பாக்கம், பஞ்செட்டி, மீஞ்சூர் ஆகிய இடங்களிற் கிணற்றுத் தொகுதிகள் அமைந்தன. சென்னை நகரத்தின் தாகமும் தொழிற்சாலைகளின் தாகமும் இந்நீரால் தணிந்தன. மோட்டார் எவ்வளவு இறைக்குமோ அவ்வளவும் இருப்பென்றே கொள்ளப்பட்டது. உழவரும் தம் பங்கிற்கு இறைத்தனர். மழை ஆண்டுதோறும் மண்ணுக்குத் திருப்பித் தருவது எவ்வளவு என்பது வேறொரு கணக்கு. அதனை இறைப்பின் கணக்கோடு ஒட்டிப் பார்ப்பார் அரியர். நன்னீர் மட்டம் தாழ்ந்ததும் கடல்நீர் மண்ணினூடே உட்புகுந்தது. சில ஆண்டுகளில் அது கரையினின்று பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. கிணற்றில் நீர் குறைந்ததாகக் கண்ணுக்குத் தோன்றவில்லை. நீர் இருந்தது, வாயில் வைத்தாற் கரித்தது. பின்னர் 2010-ஆம் ஆண்டில், மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில், கடல்நீரினின்று நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் ஆக்கும் நிலையம் திறக்கப்பட்டது. வங்கக் கடலையே சவ்வுகளினூடே அழுத்திப் பிழிந்து நகரத்திற்கு அனுப்பும் அந்நிலையம் எங்கள் ஊரின் பெயராலேயே வழங்குகின்றது.

மனிதர் கணக்கும் இவ்வாறே நடக்கின்றது. வாரம் 40 மணி என்றோ 48 மணி என்றோ ஓர் ஆளுக்கு எதிரே எழுதுகின்றோமே, அது மோட்டாரின் இறைப்புத் திறன். ஊற்றின் அளவு வேறு. ஊற்று வற்றிய பின்னும் ஆள் இருப்பான். இருக்கையிலோ சாரத்தின்மீதோ காணப்படுவான். அவன் பெயருக்கு எதிரே எட்டு மணியும் பதிவாகும். அவன் செய்த வேலை மட்டும் கரிக்கத் தொடங்கும். மென்பொருளாயிற் பிழை மலியும். இரும்பு வேலையாயிற் பற்றவைத்த மூட்டு மறுமுறை வெட்டப்படும். கிரேனின் கீழாயின் அதனினும் கொடிது நேரும்.

எட்டு மணி என்பதும் உண்மையில் எட்டு மணியன்று. கூட்டங்கள், பிறர் கேள்விக்கு விடை சொல்லல், நேற்றைய வேலையில் கண்ட பிழையைத் திருத்தல், புதிதாக வந்தவனுக்குக் கற்பித்தல், கருவியோ அனுமதிச்சீட்டோ வரும்வரை காத்திருத்தல் ஆகிய இவற்றிற்கெல்லாம் அட்டவணையிற் கட்டமில்லை. நம் ஆசிரியர்கள் இதனை என்னினும் நன்கறிவர். பல்கலைக்கழக மானியக் குழுவினர் 2018-இல் வெளியிட்ட விதிகள் உதவிப் பேராசிரியர்க்கு வாரத்தில் 16 மணிநேரம் நேரிற் பாடஞ்சொல்லுமாறு வகுத்தன. அந்தப் 16-ஐ மட்டும் நோக்குவார்க்கு ஆசிரியரைப்போற் சுகவாசி உலகிலில்லை. விடைத்தாள் திருத்துவதும், ஆய்வேட்டைப் படித்துப் பார்ப்பதும், விடுதியிலிருந்து நள்ளிரவில் வரும் தொலைபேசியும் எந்தக் கட்டத்தில் எழுதப்படும்?

ஆகவே வல்ல திட்டக்காரர் ஓர் ஆளின் நேரம் முழுவதையும் நிரப்புவதில்லை. இதற்கு இரக்கம் மாத்திரமே காரணமென்று எண்ணற்க, கணிதமும் உண்டு. கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியிற் பணிபுரிந்த எர்லாங் என்னும் டேனிஷ் கணிதர் 1909-இல் தொடங்கிவைத்த வரிசைக் கணிதம் அது. ஒழுங்கின்றி வந்து சேரும் வேலைகளை ஒருவரே ஒன்றன்பின் ஒன்றாகச் செய்துவருகிறார் என்று கொள்வோம். அவர் நேரத்திற் பாதி நிரம்பியிருக்கும்போது, செய்யப்படுவதும் காத்திருப்பதுமாக அவர் முன்னுள்ள வேலைகள் சராசரியாக 1. நூற்றுக்கு 80 பங்கு நிரம்பினால் அது 4. 90 பங்கு நிரம்பினால் 9. 95 ஆயின் 19. அதாவது 80-இலிருந்து 95-க்கு ஏற்றிய அதிகாரி, தம் ஆளிடமிருந்து சிறிது மிகுதியாக வேலை பெற்றதாக மகிழ்வார். தேங்கிக் கிடப்பதோ ஏறக்குறைய ஐந்து மடங்காயிருக்கும். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்தை நோக்கிச் சரக்குப்பெட்டக லாரிகள் நாட்கணக்கில் நின்ற காட்சியைக் கண்டவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. சாலை நிரம்பியிருத்தல் வேறு, சாலை ஓடுதல் வேறு. அவ்வரிசையில் ஓட்டுநர் உறங்காது கழித்த இரவுகளும் எவருடைய கணக்கிலும் ஏறவில்லை.

கட்டம் சிவந்தவுடன் பெரும்பாலோர் செய்வது யாது? மேலும் ஆட்களைக் கொண்டுவருவது. ஐபிஎம் கம்பெனியாரின் பெருங்கணினிக்கு மென்பொருள் செய்வித்த பிரெட் புரூக்ஸ் என்பார், காலந்தவறிய மென்பொருள் வேலைக்கு ஆள் சேர்த்தால் அது மேலும் காலந்தவறும் என்று 1975-இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். ஐவர் ஒருவரோடொருவர் கலந்து பேசவேண்டின் 10 இணைப்புகள், பதின்மராயின் 45, இருபதின்மராயின் 190. புதியவர்க்குக் கற்பிக்கும் பொறுப்பு முன்னரே சிவந்து கிடப்பவர் தலையிலேயே விழும். மென்பொருளுக்கு மாத்திரமே இஃது உரியது என்று சிலர் வாதிப்பர். அத்திப்பட்டிலுள்ள அனல்மின் நிலையத்திற் கொதிகலனைப் பழுதுபார்க்கும் ஷட்டவுன் நாட்களை நினைத்துப் பார்க்கலாம். கொதிகலனின் உட்புறம் சாரத்தின்மேல் இத்தனை வெல்டர்களே நிற்கமுடியும் என்று இடமே வரம்பு கட்டிவிடுகின்றது. அதற்குமேல் அனுப்பப்படுபவர் வெளியே நிழலில் நிற்பர். அட்டவணையில் அவரும் வேலை செய்பவராகவே எண்ணப்படுவர்.

ஆள் சேர்க்க இயலாதபோது சுமையைச் சமன்படுத்தும் வழியொன்றை மென்பொருளே காட்டுகின்றது. அதில் இருவகை உண்டு. வேலைகளுக்கிடையே உள்ள தளர்நாட்களுக்குள் மட்டும் நகர்த்தி, முடிவுத் தேதியைத் தொடாமல் விடுவது ஒருவகை. ஆளின் அளவே வரம்பென்று கொண்டு, வேண்டின் முடிவுத் தேதியையும் தள்ளிவைப்பது மற்றொன்று. இரண்டாவதைச் செய்ய ஒரு சிறு பொத்தான் போதும். ஆயினும் அதனை அழுத்தத் துணிந்த திட்டக்காரரைக் காண்பது அரிது. திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாயிற்று, வாடிக்கையாளர்க்கு வாக்குக் கொடுத்தாயிற்று, கப்பல் புறப்பட்டாயிற்று என்று காரணங்கள் பல. இவற்றுட் சில உண்மையுமாகும். ஆனால் தேதி அசையாது, வேலை குறையாது, ஆளும் கூடார் எனின், மீதமிருப்பது ஆளின் உறக்கம் ஒன்றே. அதனையே எடுக்கிறோம் என்று எவரும் எழுதி ஒப்பமிடுவதில்லை.

சிவப்பை நீக்க மிக எளிய வழி ஒன்றும் உண்டு. அதனைச் சொல்லாமல் விடுதல் தகாது. ஓர் ஆளின் நாளளவு எட்டு மணி என்றிருக்குமிடத்திற் பன்னிரண்டு என்று மாற்றிவிட்டாற் போதும். அக்கணமே பக்கமெங்கும் பசுமை தோன்றும். வேலை ஒரு துளியும் குறையவில்லை. அளவுகோல் மாத்திரம் நீண்டது. இது வேடிக்கைக்காகக் கூறியதன்று. தொழிற்சாலைகளில் நாளொன்றுக்குப் 12 மணி வேலைக்கு இடந்தரும் திருத்தமொன்று 2023 ஏப்ரலிற் சென்னைச் சட்டமன்றத்தில் நிறைவேறிற்று. தொழிற்சங்கங்களின் எதிர்ப்புக்குப்பின் அதனைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தது மே முதல் நாள்; இதே நகரக் கடற்கரையிற் சிங்காரவேலர் 1923-இல் மே தினம் கொண்டாடியதற்கு நூறாண்டு நிறைந்த நாள் அது. இன்போசிஸ் நாராயணமூர்த்தி அவர்கள் 2023 அக்டோபரில் இளைஞர் வாரம் 70 மணி உழைத்தல் வேண்டும் என்றார். காட்டுப்பள்ளியிற் கப்பல் தளம் நிறுவிய லார்சன் அண்ட் டூப்ரோவின் தலைவர் சுப்ரமண்யன் அவர்களின் பேச்சொன்று 2025 ஜனவரியில் வெளிவந்தபோது 90 மணி என்னும் எண்ணும் விவாதத்திற்கு வந்தது. அவர்தம் உழைப்பையும் ஆற்றலையும் நான் குறைத்துப் பேசவில்லை. வாரத்தின் அளவு 90 என்று பதிந்த கருவியில் எந்த மனிதனுக்கும் எந்நாளும் சிவப்புத் தோன்றாது என்பதனை மாத்திரம் மாணாக்கர் கவனித்தல் வேண்டும். அளவை யார் எழுதினார், யாரைக் கேட்டு எழுதினார் என்பதே முதற்கேள்வி.

இதுகாறும் பெயருடைய ஆட்களைப் பற்றிப் பேசினேன். எங்கள் பகுதியில் அதனினும் பெரிய குறை வேறொன்று உண்டு. அத்திப்பட்டில் அனல்மின் நிலையம் 1994 முதல் இயங்குகின்றது. எண்ணூரில் 2001-இல் திறந்த துறைமுகம் பின்னர்க் காமராஜர் பெயர் பெற்றது. காட்டுப்பள்ளித் துறைமுகம் 2013-இல் வேலை தொடங்கிற்று. இவற்றைச் சூழ்ந்த கிடங்குகளும் கட்டுமான வேலைகளும் பல. இக்களங்களில் வியர்வை சிந்துவோரிற் பெரும்பாலோர் கண்டிராக்டரின் ஆட்கள். ஒடிசா, பிகார், அஸ்ஸாம் முதலிய நாடுகளினின்று வந்து, மீஞ்சூரைச் சூழ்ந்த ஊர்களில் ஓரறைக்குப் பலராகத் தங்கியிருப்போர். இத்தகைய களங்களின் திட்ட அட்டவணையில் என்ஜினீயருக்குப் பெயருண்டு, விடுமுறை நாளுண்டு, நாளளவு உண்டு. சாரம் கட்டுவோர் வரியிற் காணப்படுவது பெயரன்று, ஒரு தொகை: சாரம், 40 பேர். எண்ணுக்கு உறக்கமில்லை, எண் ஓவர்டைம் பார்த்துக் களைப்பதில்லை, சென்ற ஞாயிறும் வேலைக்கு வந்த எண் இதுதானா என்று கேட்க வழியில்லை. இன்று நாற்பது, நாளையும் நாற்பது என்று கணக்குச் சரியாகவே நிற்கும். அந்நாற்பதின்மர் இருபது நாள் ஓயாதவராயினும் சரி, நேற்றிரவு ரயிலிலிருந்து இறங்கியவராயினும் சரி.

2025 செப்டம்பர் 30-ஆம் நாள், எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் திட்டத்தின் கட்டுமானக் களத்தில் உயரத்தே அமைத்த இரும்பமைப்புச் சரிந்து ஒன்பது தொழிலாளர் உயிர்நீத்தனர். அவருட் பெரும்பாலோர் அஸ்ஸாமியர். விபத்தின் காரணத்தை ஆராய்வது விசாரணை செய்வோர் கடமை. அதனுள் நான் புகவில்லை. செய்தியைப் படித்தபொழுது என்னைத் தைத்தது வேறு. அவர் பெயர்கள் இந்நாட்டு மக்களுக்குத் தெரியவந்தது மறுநாட் பத்திரிகையில். அதற்கு முந்தின நாள்வரை, எங்கள் ஊர்ச் சந்தையிற் காய்கறி வாங்கிய அம்மனிதரை நாமும் தொகையாகவே கண்டோம்.

ஆளின் இருப்பைக் கணக்கிடுவதில் இதே கடற்கரை ஒரு காலத்தில் இதனினும் நேர்மையாக நடந்ததுண்டு. சென்னைத் துறைமுகத்திற் கப்பல் வந்தால் வேலை, வாராவிடிற் பட்டினி என்பது பழைய நிலை. இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் வாழ்ந்த கூலியாட்கள் விடியலில் வாயிலருகே கூடுவர், மேஸ்திரி கைகாட்டியவர் உள்ளே செல்வர், ஏனையோர் திரும்புவர். இத்தாறுமாறான நிலையை நீக்குதல் வேண்டும் என்று விட்லி கமிஷனார் 1931-ஆம் ஆண்டின் அறிக்கையிற் கூறினர். 1948-இல் துறைமுகத் தொழிலாளர்க்கென ஒரு சட்டம் பிறந்தது. அதன்கீழ்ச் சென்னையிலும் தொழிலாளர் வாரியம் அமைந்தது. தொழிலாளர் பெயர்கள் பதிவாயின. பதிவானவர்க்கு முறைவைத்து வேலை பங்கிடப்பட்டது. என் கருத்திற்கு மிக முக்கியமானது இனிக் கூறுவது. வேலைக்கு வந்து நின்றும் வேலை கிடையாத நாளுக்கு வருகைப்படி உண்டு. மாதத்திற் குறிப்பிட்ட நாட்களுக்கேனும் கூலி உறுதி. வேலைக்கு அனுப்பப்பட்டு, மழையாலோ வேறு தடையாலோ வேலை தொடங்காமல் திருப்பப்பட்டவனுக்குத் தனியே ஒரு தொகை. ஏமாற்றப் பணம் என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரே விதிகளில் அதற்கு இடப்பட்டிருந்தது. அரசாங்க விதிகளில் இவ்வளவு மனித வாசனை வீசும் சொல்லை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இம்முறையின் குறைகளை மறைக்க வேண்டுவதில்லை. ஒரு வேலைக்கு இத்தனை பேர் என்று வகுத்த எண்ணிக்கை, கிரேனும் சரக்குப்பெட்டகமும் வந்த பின்னும் குறையாது நின்றது, வணிகர் முறையிட்டனர், 1997-இல் வந்த மற்றொரு சட்டம் அவ்வாரியங்களைத் துறைமுகங்களோடு இணைக்க வழி செய்தது. எனினும் அதனுள் ஓர் உண்மை பொதிந்திருந்தது. ஒருவன் எனக்காகக் காத்திருக்கின்றான் எனின், அக்காத்திருப்பு எனக்கு ஒரு பொருள், பொருளுக்கு விலையுண்டு. இக்கால அட்டவணையில் வெண்கட்டம் செலவின்றிக் கிடைப்பது போலத் தோன்றுகின்றது. அதனைக் கண்டவுடன் நிரப்பவேண்டும் என்னும் ஆவல் அதிகாரிக்கு எழுகின்றது. தீயணைப்பு நிலையத்தில் வண்டியருகே அமர்ந்திருப்பவனை நோக்கி, நீ சும்மாயிருக்கின்றாய் என்று எவரும் கூறுவதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் இப்பகுதியை நீரில் மூழ்த்தியபோது, மின்கம்பியைச் சீர்செய்யவும் நீரை வெளியேற்றவும் ஆட்கள் இரவும் பகலும் தேவைப்பட்டனர். ஐப்பசி கார்த்திகையில் எந்த ஆளின் கட்டமும் நூற்றுக்கு நூறு நிரம்பியிருக்கும் அலுவலகத்தில், அத்தகைய நாளிற் கைகொடுக்க எவர் எஞ்சியிருப்பர்?

வேலையின்றி நிற்பார்க்கும் கூலி கொடுத்தால் தொழில் நஷ்டமடையும் என்று முதலாளிமார் கூறுவர். நஷ்டம் ஏற்கெனவே இருக்கின்றது. அது யார் பையிலிருந்து போகின்றது என்பதே வேறுபாடு. இப்பொழுது அது லாரி ஓட்டுநர் பையிலிருந்தும், கப்பல் தாமதித்த நாளிற் கூலியின்றி அறையிற் படுத்திருக்கும் ஒப்பந்தத் தொழிலாளி பையிலிருந்தும் போகின்றது. அது திட்டத்தின் செலவில் எழுதப்படுமாயின், ஆட்களை முன்கூட்டியே வரவழைத்து நிறுத்திவைக்கும் வழக்கம் தானே குறையும். தேதிகளும் சிறிது உண்மை பேசத் தொடங்கும்.

இனிச் செய்யத்தக்கது யாது? புதிய யந்திரம் வேண்டுவதில்லை. இப்பெருங்களங்களின் வாயிலில் இப்பொழுதே ஒவ்வொருவர்க்கும் கேட் பாஸ் உண்டு. கைரேகையோ முகமோ காட்டி உள்ளே செல்லும் கருவிகளும் பல இடங்களில் வந்துவிட்டன. எந்த ஆள் எத்தனை மணிக்கு நுழைந்தான், எத்தனை மணிக்கு வெளியேறினான், எத்தனை நாள் தொடர்ந்து வந்தான் என்பது வாயிற்காவலரின் கணினியிற் பதிவாகின்றது. திட்ட அலுவலகத்தின் கணினி அங்கிருந்து நூறடி தூரத்தில் வேறொரு கட்டிடத்தில் இருக்கின்றது. இரண்டும் பேசிக்கொள்வதில்லை. வாயிலுக்குத் தெரிந்த பெயர் அட்டவணைக்குத் தெரியாது. கூலிக் கணக்குக்கு மாத்திரம் அப்பதிவு பயன்படுகின்றது. களைப்பின் கணக்குக்குப் பயன்படவில்லை. இவ்விரண்டையும் இணைப்பது கணினி கற்ற நம் மாணாக்கர் இருவர் மூவர் சில வாரங்களிற் செய்துமுடிக்கக்கூடிய வேலை. அப்பொழுது, சாரம் 40 பேர் என்னும் வரி நாற்பது பெயர்களாக விரியும். பதின்மூன்றாம் நாள் தொடர்ந்து வந்தவன் வரி, திட்டக்காரர் விரும்பினும் விரும்பாவிடினும், சிவந்து நிற்கும்.

இதில் ஓர் ஆபத்து உண்டென்பதையும் அறிவேன். ஒவ்வொரு நிமிடத்தையும் எண்ணும் கணக்கு சவுக்காகவும் மாறும். எட்டு நிமிடம் தேநீர் பருகினான் என்று கூலி பிடிக்கவும் உதவும். ஆதலின் அவ்வரியை முதலிற் காணும் உரிமை, அவ்வரிக்கு உடையவனுக்கே இருத்தல் வேண்டும். அவன் மொழியில், அவன் கைப்பேசியில். தன் பெயருக்கு எதிரே உள்ள மணிகள் பொய் என்றால் மறுக்கவும், இன்று என்னால் உயரத்தில் ஏறமுடியாது என்று குறிக்கவும், குறித்ததனாற் கூலி இழவாதிருக்கவும் வழி செய்தல் வேண்டும். அஸ்ஸாமிய எழுத்தும் ஒடியா எழுத்தும் இந்த மென்பொருள்களிற் சேர்ப்பது எவ்வளவு கடினம் என்று சென்ற மாதம் ஒரு பழைய மாணவரிடம் கேட்டேன். அவர் இத்தொழிலிலேயே இருப்பவர். எழுத்துக்கள் எப்பொழுதோ வந்துவிட்டன, கேட்பவர்தாம் இல்லை என்றார்.